இரண்டு விரற்கடை நீளம்

நைரீயைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவளைப் போல நல்ல மனுஷி நியூஸிலாந்தின் தெற்கே எங்கள் ஒட்டாகோ பக்கத்திலேயே கிடையாது என்பார்கள். அந்த நல்லதனம்தான் என் கோபத்துக்குக் காரணம். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். ஐந்தடியைத் தாண்டாத பெண்ணுக்கு அந்த இருக்கை சரிப்படுமா? பணிமனையில் ஒரு வார்த்தை சொன்னால் அரை மணியில் திருத்திக் கொடுப்பார்கள். சொல்லமாட்டாள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு ஓட்டுவாள். ஒரு அளவு பெரிய பூட்ஸ் யாராவது வாங்கிக் கொடுத்தால் இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு, ரொம்பப் பிரமாதம் என்பாள்.

துப்பாக்கி விஷயத்திலும் அதே கதைதான். எங்கள் சங்கத்தில் தொள்ளாயிரம் கஜம் வரை குறி வைத்துச் சுடுகிறோம். தரையில் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் தோல்வாரை இடது கையில் மாட்டி, வேறு முட்டுக்கொடுக்காமல் சுடவேண்டும். நைரீ நாற்பது வயதில் சேர்ந்தாள், இப்போது அறுபத்தொன்று. வடமேற்குக் காற்று புல்லைப் படுக்கவைப்பதைப் பார்த்தே, குண்டு எத்தனை அடி தள்ளிப்போகும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவளிடம் இருந்தது ஆறடி ஆளுக்குச் செய்த கட்டை. குழல் எவ்வளவு உசத்தியாக இருந்தால் என்ன, தோளும் கன்னமும் பதிகிற கட்டை பொருந்தாவிட்டால் கண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். குண்டும் இஷ்டத்துக்குப் போய் விழும். மாகாண அணிக்கு எடுப்பது எட்டுப் பேர். நைரீ மூன்று வருடம் விடாமல் ஒன்பதாவதாக வந்தாள். கடைசித் தடவை ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. எட்டாவதாக வந்த ஆளுக்குச் சிரித்த முகத்தோடு கைகொடுத்தாள். அந்த ஆள் நான்தான்.

இந்த வருடம் கட்டையை மாற்றியே தீருவது என்று கிளம்பினாள். ஒரு தடவையாவது அணியில் நின்றுவிடவேண்டும், அடுத்த வருடம் கண் எப்படி இருக்குமோ என்று என்னிடம் மட்டும் சொன்னாள். கட்டை என்ற பேச்சு எழுந்ததும் சங்கமே அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. நான் அலுமினியக் கட்சி. அலுமினியச் சட்டத்தில் நீளத்துக்கு ஒரு திருகாணி, கன்னம் பதிகிற பலகைக்கு ஒன்று, தோளில் படுகிற தகட்டுக்கு ஒன்று. உடம்புக்கு ஏற்ற மாதிரி திருகி வைத்துக்கொள்ளலாம். மரக் கட்சிக்காரர்களோ, அதைப் பார்த்தால் துப்பாக்கி மாதிரியா இருக்கிறது, பனிக்காலத்தில் கன்னம் ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்றித்தான் பிரிக்கவேண்டும் என்று கிண்டல் செய்தார்கள். நைரீ இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினாள்.

அதற்குள் அவள் புருஷன் லிண்ட்ஸி குறுக்கே புகுந்துவிட்டான். அவன் தச்சன். வெடிச் சத்தம் ஆகாது என்று மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டிக்காக நல்ல வால்நட் பலகையாகத் தேடி வாங்கி, அவளைக் கூடத்துத் தரையில் படுக்கவைத்து நாடாவால் அளந்து, மூன்று மாதம் செதுக்கித் தேய்த்து எண்ணெய் பூசி ஒரு கட்டை செய்து கொடுத்தான். அழகு என்றால் அப்படியொரு அழகு. அலுமினியக் கட்சிக்காரனான எனக்கே அதைத் தடவிப் பார்க்கக் கை பரபரத்தது.

அழகாக இருந்து என்ன செய்ய? அவன் அளந்தபோது அவள் போட்டிருந்தது வீட்டில் போடுகிற மெல்லிய கம்பளிச் சட்டை. சுடும்போது நாங்கள் மாட்டுவது தோலும் கித்தானும் வைத்துத் தைத்த ஜாக்கெட். அதற்கு அடியில் ஒரு தடித்த கம்பளிச் சட்டை வேறு. இரண்டும் சேர்ந்து தோளில் இரண்டு விரற்கடை கனம் இருக்கும். வியர்வை நாற்றம் வீட்டுக்கு ஆகாது என்று ஜாக்கெட்டைச் சங்கத்து அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவோம். லிண்ட்ஸி அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அளக்கும்போது அவளுக்கும் நினைவு வரவில்லை. கட்டை கைக்கு வந்து, ஜாக்கெட்டோடு மைதானத்தில் படுத்த அன்றுதான் கட்டை அந்த இரண்டு விரற்கடை நீளமாகிப்போய், கழுத்தை எக்கி நீட்டவேண்டியிருந்தது.

சொன்னாளா? மூச்சு விடவில்லை. மூன்று மாதம் தேய்த்தவனிடம் எந்த வாயால் சொல்வது என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு புதன்கிழமை மாலை அவளை இழுத்துப்போய், என்னிடம் உபரியாக இருந்த அலுமினியச் சட்டத்தில் அவள் குழலைப் பூட்டினேன். எங்கள் இருவர் துப்பாக்கியும் ஒரே தயாரிப்பு என்பதால் இரண்டு திருகாணியில் வேலை முடிந்தது. நீளத்தைக் குறைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொன்னேன். கட்டை பொருந்துகிறதா என்று பார்க்க அதுதான் வழி. கன்னத்தை வைத்து, மூச்சை விட்டு, கண்ணைத் திறந்தால் குறி வளையம் நேர் நடுவில் நிற்கவேண்டும்.

நின்றது. அறுநூறு கஜத்தில் பத்துக் குண்டுக்கு முழுசாக ஐம்பது புள்ளி எடுத்தாள். அந்தச் சட்டத்தில் நானே ஒருநாளும் ஐம்பது எடுத்ததில்லை. கொஞ்சம் வயிறு எரிந்தாலும், தேர்வு நாளுக்கு இதையே வைத்துக்கொள் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

தேர்வு நாளன்று பார்த்தால் வால்நட் கட்டையோடு வந்து இறங்குகிறாள். கூடவே லிண்ட்ஸி. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, தான் செய்த கட்டை சுடுவதைப் பார்க்கவேண்டும் என்று வந்துவிட்டான். போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்தித் தொட்டுப் பார்க்கச் சொன்னான். நைரீ என் பக்கமே திரும்பவில்லை. முந்நூறு கஜத்தில் இரண்டு புள்ளியை விட்டாள், அறுநூறில் மூன்று. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் பதினோராவது இடம். தொள்ளாயிரம் கஜம் மட்டும்தான் பாக்கி.

எனக்குப் பொறுக்கவில்லை. சீஸ் ரோலைத் தட்டில் போட்டுவிட்டு லிண்ட்ஸியைப் பார்த்து வாயைத் திறந்தேன். நைரீ என் கையைப் பிடித்தாள்.

"நீ பேசாதே ஹெக்டர். நான் சொல்றேன்."

ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் புருஷன் எதிரே போய் நின்றாள். "லிண்ட்ஸி, கட்டை எனக்கு நீளம்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தச்சன் புத்தி எங்கே போகும், "எவ்வளவு?" என்றுதான் கேட்டான்.

"ரெண்டு விரக்கடை."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். எழுந்து வந்து அந்த ஜாக்கெட்டின் தோளை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தான்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் சுடுவியா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே."

"ஆறு வாரமா கழுத்தை நீட்டிக்கிட்டுக் கிடந்தியா? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

சண்டை வரும் போலிருந்தது. என் அலுமினியச் சட்டம் வண்டியில் தயாராக இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்று நடுவே புகுந்தேன். லிண்ட்ஸியும் தலையைக் குனிந்துகொண்டு, அதையே வைத்துச் சுடு என்றான். நைரீ கட்டையைக் கையில் எடுத்து ஒருதரம் தடவினாள்.

"வேண்டாம். இதை வெட்டு."

லிண்ட்ஸியின் வண்டியிலிருந்து ரம்பம் வந்தது. தோள் தகட்டைக் கழற்றி, ஜாக்கெட்டோடு அவளைப் புல்லில் படுக்கவைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டு, வண்டியின் பின்பலகையில் வைத்து அறுத்தான். மரக் கட்சிக்காரர்கள் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தகட்டை மறுபடி முடுக்கியதும் அவள் கண்ணை மூடிப் படுத்து, திறந்தாள். சிரித்தாள்.

தொள்ளாயிரம் கஜத்தில் காற்று எல்லாரையும் கவிழ்த்தது. நான் முதல் வரிசையில் சுட்டு முடித்துவிட்டு, மொத்தத்தில் ஆறு புள்ளியை இழந்து எட்டாவது இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வரிசையில் நைரீ. ஒருவர் சுடும்போது பக்கத்தில் இருக்கிறவர் புள்ளி எழுதுவது எங்கள் வழக்கம். அட்டையும் பென்சிலும் என் கைக்கு வந்தன. அவள் பத்துக்குப் பத்தும் உள்வட்டத்தில் போட்டால் நான் வெளியே. ஒன்று நழுவினாலும் சமம்; சமமானால் நட்டநடுவில் பட்ட குண்டுகளை எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் நான் உள்ளே.

ஐந்து, ஐந்து, ஐந்து என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு நாலு விழாதா என்று மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் கன்னம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் போய் அமர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது குண்டுக்கு முன்னால் காற்று திரும்பியது. அவசரப்படாமல், காற்றைக் காட்டுகிற கொடி பழையபடி நிற்கும்வரை காத்திருந்து சுட்டாள். ஐந்து. பத்தாவதும் ஐந்து. என் கையாலேயே ஐம்பது என்று கூட்டிப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

அட்டையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"ஸாரி கீரின்னு மட்டும் ஆரம்பிச்சுடாதே," என்றேன்.

"இல்லை, கேக்க மாட்டேன். எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, ஹெக்டர்."

இருபது வருடத்தில் அவள் மன்னிப்புக் கேட்காமல் தன் சந்தோஷத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வயிற்றெரிச்சலோடுதான், ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறை தலைகீழாகக் கிடந்தது. மரத்தாலான சமையல் மேடையைப் பெயர்த்துத் தரையில் சாய்த்துவைத்து, லிண்ட்ஸி அதன் கால்களை அறுத்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் அவனே போட்ட மேடை.

"உயரமாம். நேத்துதான் சொன்னா," என்றான்.

கோபமா என்று கேட்டேன். ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"கோபம்தான். முப்பத்தஞ்சு வருஷம் இவ எக்கி எக்கி சமைச்சிருக்கா. நான் பின்னாடி உக்காந்து தின்னுக்கிட்டே இருந்திருக்கேன்."