மேகமலை இறக்கத்தில் கேரவனைப் பிடித்த கரம்

பிரேக் பெடலை மிதித்தேன். கால் நேராகத் தரைக்குப் போனது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. என் பழைய டீசல் ஜீப் மேகமலைச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கொக்கியில் கேரவன். கேரவனுக்குள் என் மனைவி கிருபாவும், பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணும்.

இதை எழுதுவது எனக்கு இப்போதும் சுலபமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைக் கேளுங்கள்.

என் பெயர் ஜெபராஜ். ஊர் சின்னமனூர். கேரளாவிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி தாங்கள் ஊர் சுற்றப் பயன்படுத்திய கேரவனை எங்கள் சபைக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, சின்னத் தண்ணீர்த்தொட்டி. மாதம் ஒரு முறை அதை என் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போவோம். டாக்டர்கள் தனிக் காரில் வந்து கேரவனில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். கிருபா நர்ஸ். நான் டிரைவர்.

வெளியே பார்த்தால் ஊழியக்காரன். உள்ளே நான் வறண்டு கிடந்தேன். எங்களுக்குப் பிறந்த ஒரே மகன் ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டுக் கதறினேன். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு சபைக்குப் போவேன், பாடுவேன். ஆனால் எதையும் கேட்க மாட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மனசு கசந்துவிட்டது. கிருபா மட்டும் விடாமல் ஜெபிப்பாள்.

2003, ஐப்பசி மாதம். அன்று முகாம் முடிந்து டாக்டர்கள் மத்தியானமே இறங்கிவிட்டார்கள். நாங்கள் கேரவனைக் கழுவிப் பூட்டிக்கொண்டிருந்தபோது முருகன் என்ற தோட்டத் தொழிலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் மனைவி பேச்சிக்கு நேரத்துக்கு முன்பே வலி கண்டுவிட்டது. தோட்டத்து வண்டி தேனிக்குப் போயிருந்தது.

கிருபா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் முகமே சரியில்லை.

"பிள்ளை குறுக்க கெடக்குங்க. ஆபரேஷன் பண்ணாமப் பிறக்காது. உக்கார வச்சுக் கொண்டுபோக முடியாது. படுக்க வச்சுத்தான் இறக்கணும்."

ஜீப்பில் படுக்க இடமில்லை. கேரவனில் கட்டில் இருந்தது. வேறு யோசிக்கவே இல்லை. பேச்சியைப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, கிருபா பக்கத்தில் உட்கார்ந்தாள். முருகன் என்னோடு முன்னால் ஏறினார். மழை விட்டிருந்தது. ஆனால் மூடுபனி முன் சக்கரம்வரை வந்து நின்றது.

பாதி இறக்கத்தில்தான் பிரேக் ஆயில் குழாய் வெடித்தது. கை பிரேக்கை இழுத்தேன். தீய்ந்த நாற்றம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. அந்தக் கேரவனுக்குத் தனி பிரேக்கும் கிடையாது. அதன் பாரம் முழுவதும் ஜீப்பை முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. கியரைக் குறைத்தேன். இன்ஜின் அலறியது. அடுத்த கொண்டைஊசி வளைவு பனிக்குள் தெரிந்தது. அதற்கு அப்பால் வெறும் பள்ளம்.

"இயேசுவே!" என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தேன். சக்கரங்கள் வடிகாலில் இறங்கின. ஜீப்பின் பக்கவாட்டுத் தகடு மண் சுவரில் உரசிக் கிழிந்தது. வேகம் தணிந்ததும் முருகன் கீழே குதித்தார். கையில் கிடைத்த பெரிய கல்லைத் தூக்கிக் கேரவன் சக்கரத்துக்கு அடியில் போட்டார். வண்டி குலுங்கி நின்றது.

நின்றுவிட்டது. ஆனால் இனி எப்படி இறங்குவது? கேரவனோடு திருப்ப இடமில்லாததால் மேலே போக முடியாது. கீழே போக பிரேக் இல்லை. சாலையில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. உள்ளேயிருந்து பேச்சியின் முனகல் கேட்டது. முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அவ தாங்க மாட்டாண்ணே. எதாச்சும் செய்யுங்க."

அந்த ஜீப்பில் கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லிவர் உண்டு. அதைப் போட்டால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். முதல் கியரில் எத்தனை செங்குத்தான இறக்கத்திலும் வண்டி மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டாது. பிரேக்கே தேவைப்படாது. ஆனால் அந்த லிவர் இறுகிப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. தேனியிலும் கம்பத்திலும் மெக்கானிக்குகள் முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். நான் இப்போது இரண்டு கையாலும் இழுத்தேன். காலால் உதைத்தேன். அசையவில்லை.

கிருபா கேரவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"நான் இவளை விட்டு வர முடியாது. இன்னைக்கு நீங்க கேளுங்க. வாயத் திறந்து கேளுங்க."

அந்தச் சேற்றில் முழங்கால் போட்டேன். எனக்கு ஜெபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளையையாவது காப்பாத்தும்."

எழுந்து ஜீப்பில் ஏறினேன். லிவரில் கையை வைத்தேன். பலமாக இழுக்கக்கூட இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அது வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது!

நான் போட்ட சத்தத்தில் முருகன் பயந்தே போனார். இன்ஜினைப் போட்டேன், முதல் கியர். முருகன் கல்லை எடுத்தார். ஜீப் வடிகாலை விட்டு மேலேறியது. கேரவன் தள்ளியது. ஆனால் ஜீப் மலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முருகன் கையில் கல்லோடு கேரவன் பக்கத்தில் நடந்தே வந்தார். நான் பாடினேன். எந்தப் பாட்டு என்று தெரியாது. தொண்டை கிழியப் பாடினேன். பனி விலகி, கீழே பள்ளத்தாக்கு வாழைத் தோப்புகளோடு பச்சையாக விரிந்தது.

அடிவாரத்தில் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் வாழைத்தார் ஏற்றிய வேனோடு நின்றிருந்தார். விவரம் கேட்டதும் ஏற்றிய தார்களை எல்லாம் ரோட்டோரம் இறக்கிவிட்டார். வேனில் கேரவன் மெத்தையை விரித்துப் பேச்சியை ஏற்றினோம். "நீங்க ஜெபம் பண்ணிக்கிட்டே வாங்க, நான் துஆ கேட்டுக்கிட்டே ஓட்டுறேன்" என்று சொல்லி வேனைப் பறக்கவிட்டார்.

தேனியில் ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதன் அழுகைச் சத்தம் கேட்டபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கிருபா வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காக" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

மண் சுவரில் உரசிய குலுக்கலில் லிவரின் துரு விட்டிருக்கும் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். இருக்கலாம். ஆனால் உரசி நின்ற பிறகும் நான் உதைத்துப் பார்த்தேன், அது அசையவில்லை. கேட்ட பிறகுதான் அசைந்தது. எனக்கு அது போதும்.

என் மகன் விஷயத்தில் ஏன் பதில் வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேச மாட்டேன். ஆனால் கசப்பு போய்விட்டது. இப்போது தினமும் கேட்கிறேன், சத்தமாகக் கேட்கிறேன். கேரவனுக்குத் தனி பிரேக் போட்டாயிற்று. முகாம் இல்லாத நாட்களிலும் மலையிலிருந்து யார் கூப்பிட்டாலும் போகிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, முன்பு ஒருமுறை கேட்டுக் கிடைக்காததால் கேட்பதையே விட்டிருக்கிறீர்களா? உங்களைத்தான் நினைத்து எழுதுகிறேன். அழகான வார்த்தைகள் வேண்டாம். அழுகைதான் வருகிறதென்றால் அழுதே கேளுங்கள். அவர் கேட்கிறார். நான் பார்த்தேன்.