ராசியான கை

சுங்கை பூலோ நர்சரியில் வேலை செய்யும் ஜுஹைருக்கு எதையும் வீணாக்க மனசு வராது. பட்டுப்போன செடியின் மண்ணையே அடுத்த தொட்டியிலும் போட்டுவிடுவார்.

பங்சாரிலிருந்து வரும் ரிஹானா வாங்கிப்போன மருதாணி இரண்டு முறை பட்டுப்போனது. இரண்டு முறையும், "தண்ணி கூடிப்போச்சு லா, அக்கா" என்று பழியை அவள் தலையில் போட்டார்.

மூன்றாவது செடி வாடியதும் தொட்டியோடு தூக்கி வந்தாள். கவிழ்த்துப் பார்த்தார். வேரே இல்லை. அகல மூக்குக் கூன்வண்டின் வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்று கொழுத்துக் கிடந்தன. எல்லாம் அவர் போட்ட மண்ணோடு போனவை. அவள் பார்க்குமுன் அள்ளிக் கையை மூடிக்கொண்டார்.

"கரண்டியால அளந்துதாண்ணே ஊத்துனேன். எனக்குத்தான் கைராசி இல்ல. அடுத்தத உங்க கையாலயே நட்டுக் குடுங்க."

மூடிய கைக்குள் புழு நெளிந்தது.