ஒரே மூச்சில் ஏழாம் வாய்ப்பாடு

சடுகுடு என்று பாடக் கூடாது; வாய்ப்பாடு பாட வேண்டும். எங்கள் டீச்சர் கண்டுபிடித்த ஆட்டம் அது. எதிர்க்கட்சிக்குள் புகுந்து கோட்டுக்குத் திரும்பும்வரை ஒரே மூச்சு. மூச்சு விட்டால் அவுட்டு, கணக்குத் தப்பினாலும் அவுட்டு.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டிக்குப் புதிதாக வந்த இரும்புக் கம்பெனியில் நைனாவுக்கு வேலை கிடைத்து, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருந்தோம். வீட்டில் பேசியது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு. எழுத்துகளைக்கூட மாற்றிக்கொண்டேன், எண்கள் மட்டும் வர மறுத்தன. ஹெட்மாஸ்டர் என்னை ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்துக் கெடு வைத்தார்: மாதக் கடைசிக்குள் வாய்ப்பாடு வராவிட்டால் இரண்டாம் வகுப்பு. அங்கே என் தங்கை படித்தாள்.

மாதக் கடைசியும் வந்தது. மத்தியான வெயில். மண்ணில் குச்சியால் கிழித்த கோடு. நடுவராக டீச்சர். எனக்கு அந்த ஆட்டமே பரீட்சை.

"பாடிக்கினு போடி," என்று என் கட்சியினர் முதுகில் தள்ளினார்கள்.

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு. ஒவ்வொரு எண்ணும் எனக்குள் தெலுங்கில் புறப்பட்டு, தொண்டையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தது. அந்த மாற்றத்துக்கு மூச்சு செலவானது.

"இன்னாடி முழுங்கற, மூச்சா, கணக்கா?"

"உன் தங்கச்சி எடம் போட்டு வெச்சிக்கினு கீறா, போடி."

ஏழேழு நாப்பத்தொம்பது. அடுத்ததற்கு வாய் திறக்கும்போது என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த உயரமான பெண். விழுந்தேன். வாயில் மண். எட்டேழு, எட்டேழு... தமிழ் எங்கோ போய்விட்டது. நெஞ்சு வெடிக்கும் நேரத்தில் தானாக வந்தது: "ஏடு எனிமிதுலு யாபை ஆறு."

"அவுட்டு டீச்சர், அவுட்டு. தெலுங்குல சொல்றா."

டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது. "அவள் சொன்னது சரியா? யாருக்காவது தெரியுமா?"

அந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசினார்கள். ஒரு கையும் உயரவில்லை. கேலிக்குப் பயந்து எல்லாரும் அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள்.

என் காலடியில், புழுதியில் குப்புறக் கிடந்தவள் சொன்னாள்: "சரிதான் டீச்சர். அம்பத்தாறு. எங்க ஊட்லயும் அப்டிதான் சொல்லுவாங்க."

"அப்போ காலை விடு."

"அதெப்படி டீச்சர்? இன்னும் கோட்டைத் தொடலியே."

டீச்சர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம், "முதல்லேர்ந்து பாடு. உனக்கு வர்ற பாஷைல," என்றார். அவளிடம், "பிடிச்சுக்கோ. தப்பு வந்தா நீதான் சொல்லணும்."

நான் தோற்றால் ஜெயிப்பவளே எனக்கு நீதிபதி.

மூச்சை இழுத்தேன். ஏடொகட்ல ஏடு. எண்கள் இந்த முறை உடை மாற்றவில்லை; ஓடி வந்தன. முழங்கையால் மண்ணைத் தள்ளி, அவளையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தேன். அவள் பிடி இறுகியது. அவள் உதடும் என்னோடு சேர்ந்து அசைந்ததை ஒருமுறை திரும்பியபோது பார்த்தேன். பத்தாவது வரியில் கண் இருட்டியது. விரல் நுனி கோட்டில் பட்டது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"சரி," என்றாள். அதற்கப்புறம்தான் காலை விட்டாள். அவள் கட்சியிலிருந்து ஒருத்தி அவள் தலையில் குட்டினாள்.

டீச்சர் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் வந்தார். "பை அஞ்சாங்கிளாஸ்லயே இருக்கட்டும். தமிழ் மெதுவா வரும்," என்றார்.

சாயங்காலம் தண்டவாள ஓரமாக வீட்டுக்கு நடந்தோம். "நாளைக்கு எங்க கிளாஸுக்கு வர்றியாக்கா?" என்றாள் தங்கை.

"இல்ல."

தன் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை அன்று காலையிலேயே சண்டை போட்டு நகர்த்தி, எனக்காக இடத்தைத் துடைத்து வைத்திருந்தாளாம். என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள்.