முருகையன் காரின் வயது

எங்கள் தெரு முருகையனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், கார் எந்த வருஷத்து மாடல் என்று மட்டும் கேட்கக் கூடாது. பதில் வராமல் இருக்காது. ஆனால் ஆளுக்குத் தகுந்த மாதிரி வரும்.

பெரம்பலூரில் முப்பது வருஷத்துக்கு மேலாக அவருடைய அம்பாசடர் கல்யாணக் காராக ஓடுகிறது. வாங்கும்போதே அது பழசு. அந்தக் காலத்தில் பெண் வீட்டாருக்குப் புது மாடல்தான் வேண்டும். முருகையன் முன்கிரில்லை மாற்றினார், சதுர விளக்கு வைத்தார், டேஷ்போர்டையே வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டினார். எழுபத்தெட்டு மாடல் எண்பத்தைந்து ஆனது. பிறகு ஊரில் புதுக் கார்கள் வந்து இறங்க, முகூர்த்த நாளிலும் இவர் வண்டி சும்மா நின்றது. அப்புறம் போட்டோ மோகம் வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பழைய காரில் சாய்ந்து நின்றால்தான் படம் எடுபடுகிறதாம். மனிதர் சளைக்கவில்லை. சதுர விளக்கு போய், பழைய இரும்புக் கடையிலிருந்து கட்டம் போட்ட கிரில் வந்தது. அதே வண்டி அறுபத்து நாலாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிள்ளைக்கே வயதைக் கூட்டிச் சொன்ன ஊர் இது. காருக்குச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நாங்களும் சிரித்துக்கொண்டோம்.

போன ஆவணியில் பிரேக்கில் எண்ணெய் கசிந்தது. வண்டியை மணிமாறன் பட்டறையில் விட்டார். மணிமாறன் ஆண்டிமடத்துக்காரன். துறையூர் ரோட்டில் பட்டறை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் எண்ணெய் கசியாமல் அடைத்து நிற்கும் ரப்பர் கப்பை எடுத்துப் பார்த்தான். அது எண்ணெயில் ஊறி உப்பிக் கிடந்தது, அளவு பார்க்க உதவாது. திருச்சிக் கடைக்குப் போன் போட்டான். கடைக்காரர் மாடல் கேட்டார். மணிமாறன் பக்கத்தில் நின்ற முருகையனிடம் திரும்பினான்.

"அண்ணே, வண்டி என்ன மாடல்?"

அந்த நேரம் பார்த்து வேப்பந்தட்டை வீரமணி அங்கே நின்றிருந்தார். மகள் சுகன்யாவின் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தவர். அவரிடம் அப்போதுதான் முருகையன் அறுபத்து நாலு என்று அளந்துவிட்டிருந்தார்.

"அறுவத்தி நாலுப்பா," என்றார்.

அந்த வருஷத்துக்கான கப் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. உண்மையான அளவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. உள்ளே போனது, பெடலும் கெட்டியாக நின்றது. ஓட்டிப் பார்த்தார்கள், குறை தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில், ஓர் இறக்கத்தில் லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. முருகையன் பிரேக்கை மிதித்தார். பெடல் அப்படியே அடியில் போய் ஒட்டிக்கொண்டது. மக்காச்சோளக் காட்டுக்குள் வண்டியை விட்டதால் எல்லோரும் உயிர் தப்பினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுகன்யாவுக்கு வலது கை முறிந்தது, நெற்றி கிழிந்தது. தாலி ஏறிய அன்றே ரத்தமா என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் அப்பா வீட்டுக்குத்தான் போனாள். புகுந்த வீட்டிலிருந்து கூப்பிட ஆள் வரவில்லை.

பழி முழுவதும் மணிமாறன் தலையில் விழுந்தது. பிரேக் வேலை பார்த்தவன் அவன்தானே. வீரமணி போலீசில் எழுதிக் கொடுத்தார். அவருடைய சொந்தக்காரர்கள் பட்டறைப் பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னார். மணிமாறன் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. எங்கே தப்பு விட்டோம் என்று தெரியாமல் பித்துப் பிடித்தவன் போலத் திரிந்தான்.

முருகையனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பட்டறை பிழைக்கும். சொன்னால் இனி யாரும் இவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் மனைவி மலர்க்கொடி அக்கா சோறு போட்டபடியே கேட்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"ஒரு குடும்பத்துப் பொழப்பு போவுது. போயி சொன்னா என்ன?"

"நாளைக்கிச் சொல்றேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாராம். எனக்கு இதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் வைத்து வண்டியைச் சோதித்தார்கள். தெருக்காரன் என்று நானும் போயிருந்தேன். வீரமணி தள்ளி நின்றார். சோதிக்க வந்த அதிகாரி கேட்பதற்கு முன்பே மணிமாறன் கைகட்டிக்கொண்டு சொன்னான்.

"சார், அண்ணன் மேல தப்பில்லிங்க. அறுவத்தி நாலுக்குச் சரியா சாமான் வாங்குனேன். நாந்தான் எங்கயோ கவனிக்காம வுட்டுட்டேன்."

முருகையனிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டபோது, அது வீட்டில் இருப்பதாக மட்டும் சொன்னார்.

அதிகாரி கிரில்லைப் பார்க்கவே இல்லை. விளக்கையும் பார்க்கவில்லை. மாற்றிவிடக்கூடியவற்றை நம்பிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பானெட்டைத் தூக்கி, பெயின்ட்டுக்கு மேல் பெயின்ட்டாக அப்பியிருந்த, வண்டி எண் பொறித்த தகட்டைச் சுரண்டினார். பெட்ரோல் துணியால் துடைத்து, தெரிந்த எண்ணைப் போனில் அலுவலகத்துக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இது எழுவத்தெட்டு மாடல். அறுவத்தி நாலுன்னு ஒனக்கு யார் சொன்னா?"

மணிமாறன் முருகையன் பக்கம் திரும்பினான். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவன் முகத்தில் அது இல்லை.

"வீரமணி நின்னாரு," என்றார் முருகையன். "அவரு முன்னால மாத்திச் சொல்ல முடியலப்பா."

"அவரு போனப்புறம் சொல்லியிருக்கலாமேண்ணே."