அக்கா எடுத்துக் கொடுத்த வரி

அப்பா அக்காவிடம் பேசாமலிருந்த பதினேழாம் நாள் அந்தப் பேச்சுப் போட்டி நடந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி, டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. இடம், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அக்கா தேறவில்லை. முடிவு வந்த நாளிலிருந்து, அவளுக்குச் சோறு வேண்டுமா என்பதைக்கூட அப்பா அம்மாவிடம்தான் கேட்டார்.

எனக்கு வயது ஒன்பது. போட்டித் தலைப்பு, ‘வெற்றியும் தோல்வியும்’. பேச்சைப் பெரியவர்கள் எழுதுவதும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து முழங்குவதும் அக்காலத்து வழக்கம். என்னுடையதை எழுதியவர் அப்பா. கைதட்டல் வாங்கும் வரிகள் அவருக்கு எளிதாக வரும். அவற்றை எனக்குப் பாடம் செய்வித்தவள் அக்கா. தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் மாலைதோறும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரே இடத்தில் நான் தினமும் தடுக்கினேன்.

“இந்த ஒரு வரிய மட்டும் ஏன்டா முழுங்குற? நான் கடைசியில நிக்கிறேன். மறந்துட்டா என்னைப் பாரு, வாயசைக்கிறேன்.”

மேடையிலும் அதே இடத்தில் நின்றுவிட்டேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தேன். அவள் வாயசைக்கவில்லை, குரலெடுத்துச் சொன்னாள்.

“தேர்வில் தோற்றவர் வாழ்வில் தோற்றவர் அல்லர்!”

மண்டபமே திரும்பியது. முன்வரிசையிலிருந்த அப்பாவும் திரும்பினார். நான் அந்த வரியைச் சொல்லி, மீதியையும் ஒப்பித்து இறங்கினேன். வெளியிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டதாக நடுவர் அறிவித்தார். எனக்கு இரண்டாம் பரிசு.

படியில் அப்பாவின் நண்பர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டாவதுன்னா என்ன லா! அந்தத் தேர்வு வரி இருக்கே, பிரமாதம். யாரு, நீங்க எழுதினதா?”

அப்பா கைப்பிடியைப் பற்றி ஒரு படி இறங்கினார். பிறகு, “நான்தான்” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். “வாயசைக்கிறேன்னுதானே சொன்ன? ஏன் கத்தின? உன்னாலதான் எல்லாம் போச்சு.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எங்களைவிட்டுத் தள்ளி, வெயிலில் நின்றிருந்தாள். அப்பா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

“வெயில்ல நிக்காதம்மா. இப்படி வா.”

அக்கா வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

அவ்வாண்டுதான் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. புறப்பட்ட நேரம், பேருந்து எண், பேசியவர்களின் வரிசை எல்லாம் பிழையின்றிக் குறித்திருக்கிறேன். கடைசி வரி: ‘அக்காவால் முதல் பரிசு போயிற்று.’ அப்பா அவளிடம் பேசியதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.