மழையில் வற்றிய ஓடை

லியோட்டா கிரப்ஸ் என்ற விதவைப் பெண்மணி, எங்களுக்கு மரியாதையாக 'மிஸ் லியோட்டா', யாரையும் நம்பமாட்டார். தபால்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பார். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், பின் சீட்டில் என்ன நடக்கிறதென்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது என்பார். கரோலினா மலையடிவாரத்தில் டாலி ஓடைக்கரையில் நின்ற எங்கள் தகர டிரெய்லர் வீடுகளில் அவருடையதுதான் தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது. கதவுக்கு மூன்று பூட்டு.

காரணம் இல்லாமலும் இல்லை. இடத்துக்குச் சொந்தக்காரர் பிக்கர்ட், முந்தின வருஷம் காஸ் குழாயில் பழுது என்று சொல்லிச் சில குடும்பங்களை வெளியேற்றினார். அவர்கள் திரும்பி வந்தபோது வழியை மறித்துச் சங்கிலி போட்டிருந்தது. ஓடைக்கரையை யாருக்கோ விற்கப் பார்க்கிறார் என்பது லியோட்டாவின் முடிவு. "அவன் என்ன சொன்னாலும் வெளிய வராதீங்க. வந்தா வீடு போச்சு" என்று எங்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அந்தச் செப்டம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு புயல் கரையேறியது. எங்கள் பக்கம் வருவதற்குள் வலுவிழந்துவிட்டதென்று டிவியில் சொன்னார்கள். மழை மட்டும் விடவில்லை. காலையில் பிக்கர்ட் வந்து வீடு வீடாகத் தட்டினார்.

"மிஸ் லியோட்டா, வெள்ளம் வரும்ங்கறாங்க. சுழல்காத்தும் கிளம்பலாமாம். தகர வீட்டுல இருக்காதீங்க, மேட்டுச் சர்ச்சுக்குப் போயிடுங்க."

"செத்த புயலுக்கு இவ்வளவு அக்கறையா? போன தடவை காஸு, இந்தத் தடவை காத்தா?"

"பொய் சொல்லலைங்க."

"உங்க வண்டியில சங்கிலி இருக்கா இல்லையா? அதச் சொல்லுங்க."

இருந்தது. சேற்றில் மாட்டிய கார்களை இழுக்க என்றார் பிக்கர்ட். அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் அசையவில்லை.

மதியம்போல லியோட்டா ஜன்னல் வழியே ஓடையைப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருக்க, தண்ணீர் இறங்கியிருந்தது. காலையில் மூழ்கிக் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பிக்கர்ட்தான் மேலே எங்கோ தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார், திறந்துவிட்டு எங்களை விரட்டப் போகிறார் என்று அவருக்குத் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிக்க, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடையோரமாக மேலே நடந்தார்.

வளைவுக்கு அப்பால், சாலைக்கு அடியில் ஓடை புகுந்து வரும் பெரிய குழாயை வேரோடு வந்த மரங்கள் அடைத்திருந்தன. பிக்கர்ட் இல்லை. ஆளே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பழுப்பாக ஒரு ஏரி நின்றது. தார்ச்சாலையின் விளிம்பில் மண் கரைந்து விழுந்துகொண்டிருந்தது.

ஓடிவந்து எதிர்வீட்டு ஹாலிஸின் கதவைத் தட்டினார். "கிளம்பு ஹாலிஸ். மேல ரோடு உடையப் போவுது."

ஹாலிஸ் மக்காச்சோள ரொட்டியை மென்றபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில போகாதேன்னீங்க. இப்பப் போங்கறீங்க. பிக்கர்ட் உங்களுக்கு என்ன தர்றேன்னான்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னாள்: "யாரையும் நம்பாதேன்னு நீங்கதானே மிஸ் லியோட்டா சொல்லிக் குடுத்தீங்க."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பார்வை.

அவர் வாதாடவில்லை. தன் வீட்டுக்குப் போய்க் கதவை அகலத் திறந்து, மூடாமலிருக்கச் செங்கல்லை முட்டுக் கொடுத்தார். மழை உள்ளே அடித்தது. பூனையைத் தலையணை உறைக்குள் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தெரு நடுவில் நின்றார்.

"டிவி, என் புருஷன் துப்பாக்கி எல்லாம் உள்ளதான் இருக்கு. வேணுங்கறவங்க எடுத்துக்கங்க. நான் போறேன்."

திரும்பிப் பார்க்காமல் மேட்டை நோக்கி நடந்தார். அந்தக் கதவு திறந்து கிடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஹாலிஸ்தான் முதலில் செருப்பைத் தேடினார். பின்னாலேயே நாங்கள் எல்லாரும்.

சர்ச்சை எட்டும்போது எல்லார் போன்களும் ஒன்றாக அலறின. சுழல்காற்று எச்சரிக்கை. வாசலில் நின்ற பிக்கர்ட், நிலவறைக்குள் இறங்கச் சொன்னார். லியோட்டா படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். இருட்டில் ஏதோ சலசலத்தது.

"கீழ தண்ணி ஏறுது."

"காத்துக்குக் கீழதாங்க போகணும்" என்றார் பிக்கர்ட்.

"அப்ப நீங்க மொதல்ல இறங்குங்க."

பிக்கர்ட் இரண்டு படி இறங்கினார். கணுக்கால் நனைந்ததும் ஏறி வந்தார். கழிப்பறைகளுக்கு நடுவே ஜன்னல் இல்லாத ஒரு நடைவழி இருந்தது. அதில் தலைமேல் பாட்டுப் புத்தகங்களைக் கவிழ்த்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். காது அடைத்தது. சுவர் நடுங்கியது. ஓய்ந்தபின் வெளியே வந்தால், சர்ச்சின் கோபுரம் இல்லை. மலைச்சரிவில் வழிந்த மழைநீர் நிலவறையில் கழுத்தளவு நின்றது. கீழே சாலை உடைந்து, எங்கள் வீடுகள் நின்ற இடத்தில் வெள்ளம் ஓடியது.

ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த வசந்தத்தில் பிக்கர்ட் ஓடைக்கரையை விற்றார். லியோட்டா சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப அவன் நல்லவனா, கெட்டவனா?" என்று ஹாலிஸ் கேட்டார்.

"அன்னைக்கு உண்மை சொன்னான். அன்னைக்கு மட்டும்."

இப்போது அவர் ஊருக்குள் வாடகைச் செங்கல் வீட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பிக்கர்ட் கேக்கோடு பார்க்க வந்தார். லியோட்டா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். முதல் துண்டை அவரைத் தின்னவைத்து, விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் தனக்கு வெட்டிக்கொண்டார்.