கடலைப் பார்த்து நின்ற ஆஸ்டின்

ராயபுரத்தில் என் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்தச் சுப்புராஜிடம் தொழில் பழகியவர்கள் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நான் இங்கே சொல்லப் போவது காசிமேட்டு தேசப்பனைப் பற்றி. கடலில் இறங்கினால் வாந்தி எடுக்கும் மீனவன் இந்தக் கரை முழுக்க அவன் ஒருவன்தான்.

கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். காலையில் குடித்த கஞ்சியை மீன்களுக்குப் படைத்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வான். வலை பின்னுவதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த விரல்களைப் பார்த்துத்தான் அவனைப் பட்டறைக்குக் கூப்பிட்டு வயர் வேலையில் விட்டேன். விரலைப் பார்த்தே ஆளை எடை போடுகிற கண் எனக்கு.

அவன் பெண்டாட்டி புஷ்பவல்லி கல்மண்டபத்தில் மீன் விற்பாள். அவளுக்கு இதில் பரம சந்தோஷம். அவளுடைய அண்ணன் எத்திராஜ், சொந்தக் கட்டுமரம் வைத்திருப்பவன், அவனுக்குத்தான் இது மானப் பிரச்சினை. ஒரு நாள் பட்டறை வாசலுக்கே வந்து நின்றுகொண்டான்.

“இன்னா மச்சான், நம்ம ஜாதியில எவனாச்சும் கரையில குந்திகினு கம்பி முறுக்குவானா? குப்பத்துல என்னியப் பாத்து சிரிக்கிறான்.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான், வுடு மச்சான்.”

“வுடமாட்டேன். பாய் வண்டியக் கட்டிகினு கீறியே, அது கல்யாணத்தன்னிக்கி ஒயுங்கா ஓடிச்சின்னா நீ கரையிலியே கெட. ஓடலன்னு வையி, மறுநாளே என் மரத்துல ஏறணும்.”

“வாந்தி வருமே, மச்சான்.”

“வந்தா எடு. அம்மாம் பெரிய கடலு, உன் வாந்திக்கி எடம் இல்லாமயா பூடும்?”

தேசப்பன் தலையாட்டிவிட்டான். அப்புறம் நாள் முழுக்க ஒவ்வொரு திருகையும் திருப்புளியால் இரண்டு தடவை முறுக்கினான். அதை நானே பார்த்தேன்.

எத்திராஜ் சொன்ன பாய், தோல் வியாபாரி அத்தாவுல்லா. அவரிடம் ஒரு பழைய ஆஸ்டின் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னை காலியானபோது அதைத் தன் தோல் கிடங்கிலே தள்ளிப் பூட்டிவிட்டுப் போனவர், வெள்ளைக்காரன் கப்பலேறி இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகுதான் மறுபடி திறந்தார். மகள் ஜஹானாராவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் வந்து இறங்க வேண்டுமாம்.

எஞ்சினை நான் பார்த்துக்கொண்டேன். அது என் கை பட்டதும் உறுமிற்று. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வயர்கள்தான் பாழ். தோலுக்குப் போட்ட உப்பு செம்புக் கம்பியைப் பச்சை பிடிக்க வைத்திருந்தது. மேலே சுற்றியிருந்த நூலுறையை எலிகள் ரசித்துச் சாப்பிட்டிருந்தன. ஆரன் பொத்தானை அமுக்கினால் கூரை விளக்கு எரிந்தது.

தேசப்பன் பழைய வயர்க் கொத்தைக் கிளையோடு கிளை அறாமல் உருவி எடுத்து, தரையில் வலையை விரிப்பதுபோல் விரித்தான். அதன் மேலேயே புது வயரை ஓடவிட்டு அளவெடுத்து, வலை நூலில் மெழுகு தேய்த்து, விரற்கடைக்கு ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டே போனான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு சிக்கல். பட்டாளத்து மிச்சச் சாமானில் கிடைத்த வயர் எல்லாமே கறுப்பு. எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? தேசப்பன் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தான். விளக்குக்கு, ஆரனுக்கு எல்லாம் தனித்தனி முடிச்சு. அந்தக் காலத்து வண்டியில் திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து சின்னக் கை ஒன்று மேலே நீளும், உள்ளே விளக்கோடு. அந்தக் கைகளுக்குப் போகும் வயரில், “வாடைக்கு ஒரு முடிச்சு, தெக்குக்கு ரெண்டு முடிச்சு” என்றான்.

குப்பத்தில் யாரும் இடது வலது என்று சொல்வதில்லை. கடல் பக்கம், கரைப் பக்கம், வாடைப் பக்கம், தெற்குப் பக்கம், அவ்வளவுதான். வாடை என்றால் வடக்கு. வண்டி கடலைப் பார்த்து நின்றதால் அதன் இடது கை வாடைக் கை. அந்தக் கணக்கில் சுவிட்சுப் பக்கத்து வேலையை முடித்துவிட்டான்.

அன்று மாலை மழை. கூரை ஒழுகி எஞ்சின் மேல் சொட்டியது. வண்டியை வெளியே தள்ளி, திருப்பி, கரையைப் பார்க்க மறுபடி உள்ளே நிறுத்தினோம். மறுநாள் தேசப்பன் வந்து கைகளுக்கு இணைப்புக் கொடுத்தான். ஒரு முடிச்சு வயரை வாடைப் பக்கத்துக் கையில், இரண்டு முடிச்சை தெற்குக் கையில். அவன் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

“வாடையப் போடு!” என்று கத்தினான். பாயின் டிரைவர் உசேன் வண்ணாரப்பேட்டைக்காரர். அவருக்கு வாடை என்றால் நாற்றம். முகர்ந்து பார்த்துவிட்டு, கைக்கு வந்த பக்கம் சுவிட்சைத் தள்ளினார். ஒரு கை எழுந்தது. மறுபக்கம் தள்ளினார். இன்னொரு கை எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் டைனமோவுக்குள் தலையை விட்டிருந்தேன், இல்லாவிட்டால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

கல்யாணத்தன்று ஆஸ்டின் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தது. முகத்தை மறைத்துப் பூச்சரம். முன்சீட்டில் உசேன், பக்கத்தில் சலவைச் சட்டையோடு தேசப்பன். கல்மண்டபத்தில் மீன் கூடையோடு புஷ்பவல்லி, மார்பில் கை கட்டிக்கொண்டு எத்திராஜ், நடுநாயகமாக நான்.

உசேன் இடது பக்கம் திரும்பச் சுவிட்சைத் தள்ளினார். வலது கை கம்பீரமாக எழுந்தது. பின்னால் வந்த ஜட்காக்காரன் அதை நம்பி இடது பக்கம் புகுந்தான். வண்டி அவன் மேலேயே திரும்பியது. குதிரை இரண்டு காலில் நின்றது. ஜட்காவிலிருந்த புல்லுக்கட்டு ஜன்னல் வழியே மாப்பிள்ளை மடியில் விழுந்தது.

போலீஸ்காரர் ஓடி வந்தார். “இன்னாய்யா இது? கை ஒரு பக்கம் காட்டுது, வண்டி ஒரு பக்கம் போவுது! வண்டிக்கே ஊத்திக் குடுத்துட்டீங்களா?”

தேசப்பன் இறங்கினான். சூரியனைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ நைனா! கட்றச்சே வண்டி கடலப் பாத்து நின்னுச்சி, மாட்டறச்சே கரையப் பாத்து நின்னுச்சி!”

திருப்புளியை எடுத்து இரண்டு வயரை இடம் மாற்றினான். வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம்தான். இடது என்றால் இடது எழுந்தது. போலீஸ்காரரும் ஒருமுறை தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். மாப்பிள்ளை புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

எத்திராஜ் விடவில்லை. ஊரே கேட்கக் கத்தினான். “தோத்துட்ட மச்சான்! கரவலக்காரன் பேரன், வாடை எது தெக்கு எதுன்னு தெரியாத முண்டம்! நாளைக்கி மரத்துல ஏறு!”

தேசப்பன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. 

புஷ்பவல்லி மீன் கூடையை இறக்கி வைத்தாள். “ண்ணே, இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு.”

“வாடை தெக்கு தெரியாதவன்னேன்.”

“சரிதான். அப்பேர்ப்பட்டவனத்தான் நாளைக்கி உன் மரத்துல ஏத்தப் போறியா? நடுக்கடல்ல உன் கையில துடுப்பக் குடுத்துட்டு, கரை இந்தாண்ட கீதுன்னு பர்மாவுக்குக் கூட்டினு போவான். உன் புள்ளகுட்டிக்கி நானா சோறு போடுவேன்?”

கூடியிருந்த மீன்காரிகள் சிரித்த சிரிப்பில் குதிரை மறுபடி மிரண்டது.  தன் வாயால் சொன்னதை எத்திராஜ் எப்படி விழுங்குவான்?

“இவன் கரையிலியே கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

புஷ்பவல்லி கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். “இன்னாயா நிக்கிற? மாப்பிள்ள வெயில்ல காயறாரு. ஏறு வண்டியில.”

ஆஸ்டின் இடது கையை நீட்டிக்கொண்டு இடது பக்கமே திரும்பியது.

தேசப்பன் அதற்கப்புறம் கடைசிவரை என்னிடம்தான் இருந்தான். எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைக் கடலைப் பார்க்கத் தள்ளி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான் வயரைத் தொடுவான். மழையில் கூரை ஒழுகினால் எஞ்சின் மேல் அவனே குடை பிடித்துக்கொண்டு நிற்பான். வண்டியைத் திருப்ப மட்டும் என்னைக்கூட விடமாட்டான்.